விசேஷம் என்றொரு கட்டம்

நான் செய்ததிலேயே நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் கட்டிப்போய்விடும். சொல்லத் தெரியாமல் இல்லை. வெளியே சொல்ல மாட்டேன், காட்ட மாட்டேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடியில் ஏலக்காய்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு ஒன்றில், ஒரு வியாபாரியின் கிடங்குக்கு மேல்மாடியில் உட்கார்ந்து ஆறு வருடம் அவருக்காக வெப்சைட் எழுதினேன். கீழே பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். வாசம் படியேறி வந்து என் தலைமுடியிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிவிட்டுப் பாயச வாசம் வருகிறது என்பார்கள். எனக்குத் தலைவலிதான் வரும்.

வெப்சைட் என்றதும் கடையின் படம், சாமி படம், போன் நம்பர் எல்லாம் போட்ட பக்கம் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்று இருப்பதே ஊரில் யாருக்கும் தெரியாது. பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போக முடியாது. முதலாளிக்கு மலையில், எல்லையை ஒட்டிய சாலையோர ஊர்களில் கொள்முதல் கடைகள் இருந்தன. ஏலத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பணம் வரும்வரை பொறுத்திருக்க முடியாத சிறு தோட்டக்காரர்கள் அந்தக் கடைகளில்தான் காயை விற்பார்கள். அவர்களில் யாரிடம் எவ்வளவு குறைத்து வாங்கலாம் என்று முதலாளிக்குச் சொல்வதுதான் என் வெப்சைட்டின் வேலை.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எடுத்த எடுப்பில் வியாபாரம் பேச மாட்டார்கள். முதலில் பால் இல்லாத ஒரு கட்டஞ்சாயா. பிறகு, "வீட்ல என்னா விசேஷம்?" கேரளாப் பக்கத்து ஆள் என்றால் "எந்தா விசேஷம்?" கேட்காமல் மூட்டையைத் தராசில் ஏற்றினால் கடைக்காரனுக்கு மரியாதை தெரியவில்லை என்று அர்த்தம். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டால் தோட்டக்காரனுக்குத் திமிர் என்று அர்த்தம். அதனால் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மகளுக்கு வரன் வந்திருக்கிறது, நகை ஏலத்துக்குப் போகப்போகிறது, மனைவிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று எல்லாவற்றையும் டீ ஆறுவதற்குள் கொட்டிவிடுவார்கள். முதலாளியின் குடும்பம் இந்தக் கதைகளை மனதில் வைத்துக்கொண்டு விலை சொல்லிப் பணக்காரர்களான குடும்பம். கடைகள் பெருகியதும் மனதில் இடம் போதவில்லை. அதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள்.

"பேரு, ஊரு, காய் எவ்வளவு வரும், இதெல்லாம் எவன் வேணாலும் எழுதிருவான், தங்கச்சி. எனக்கு விசேஷம்னு ஒரு கட்டம் வேணும்" என்றார் முதலாளி. அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். எல்லோரும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவரும் ஆபீசில் இருக்கும் பெண்களையெல்லாம் தங்கச்சி என்பார்.

வெறும் கட்டமாகப் போட்டுக் கொடுத்திருந்தால் என்னை அவர் மறந்திருப்பார். நான் கெட்டிக்காரி. விசேஷங்களை வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் வைத்தேன். கல்யாணத்துக்கு மூன்று, ஏனென்றால் தள்ளிப்போடலாம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு. ஆஸ்பத்திரிக்கு ஐந்து, அதைத் தள்ளிப்போட முடியாது. கூட்டிப் பார்த்து அந்த ஆளின் வரி பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும். சிவப்பு என்றால் ஆள் எந்த விலைக்கும் இறங்குவான். ஆனால் நீ கஷ்டத்தில் இருக்கிறாய், அதனால் குறைக்கிறேன் என்று எந்தக் கடைக்காரராலும் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது அல்லவா? ஆகவே சிவப்பு வரியைத் தொட்டால் சொல்ல வேண்டிய குறைகள் கீழே இறங்கி வரும்படி செய்தேன். நிறம் மங்கல், ஈரம் நிற்கிறது, காய் சிறுத்திருக்கிறது, உள்ளே விதை பிடிக்காத சோடை. ஒன்றைத் தொட்டால் ரசீதில் அதுவே அச்சாகிவிடும். போன முறை சொன்ன குறையையே இந்த முறையும் சொல்லி மாட்டிக்கொள்ளாதபடி அது தானாக மாற்றிக் கொடுக்கும். அது முழுக்க என் யோசனை. பார்த்துவிட்டு முதலாளி எழுந்து நின்று கைகொடுத்தார்.

பெரிய தலைவலி சிக்னல்தான். காய் பறிக்கும் நாட்களில் கடைக்கார அண்ணன் தோட்டம் தோட்டமாக ஜீப்பில் போய் நலம் விசாரித்துவிட்டு வருவார். பாதித் தோட்டங்களில் போன் செத்துக் கிடக்கும். எழுதியதையெல்லாம் போனே வைத்திருந்து, சிக்னல் உள்ள வளைவுக்கு ஜீப் வந்ததும் தானே அனுப்பிவிட வேண்டும். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு முறை நானும் ஜீப்பில் போனேன். மரத்தடியில் ஒரு தோட்டக்காரர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தன் மகனுக்கு டயாலிசிஸ் செய்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே அழுதுவிட்டார். கடைக்கார அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கட்டைவிரலால் எழுதினார். நான் எட்டிப் பார்த்தது அழுதவரின் முகத்தையல்ல, போன் திரையை. இறங்கி வரும் வழியில் மூன்றாவது வளைவில் போன் ஒரு சத்தம் கொடுத்தது. எழுதியதில் ஓர் எழுத்துக்கூடத் தொலையாமல் போடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் ஜீப் டிரைவருக்கும் சேர்த்து பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

உண்மையான பெயர்களும் விசேஷங்களும் இருக்கும் பக்கம் முதலாளியின் பாஸ்வேர்டுக்குள் இருந்தது. எனக்கு அங்கே அனுமதி இல்லை. நான் பொய்ப் பெயர்களை நிரப்பிச் சோதித்துக் கொடுப்பேன், அவர் உண்மையானதில் ஏற்றிக்கொள்வார். பத்திரத்தில், இந்த வேலையைப் பற்றி வெளியாருக்கோ, குடும்பத்தாருக்கோ சொல்லவோ காட்டவோ கூடாது என்று தெளிவாகப் போட்டிருந்தது. குடும்பத்தார் என்று எதற்காக எழுதியிருக்கிறார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என் அப்பாவும் ஒரு சிறு தோட்டக்காரர்தான். எங்கள் வீடு சிலமலையில். கீழே இருந்த வயலைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலக்காட்டைக் குத்தகைக்கு எடுத்து ஜீப்பில் போய் வந்துகொண்டிருந்தார். காயை என் முதலாளியின் கடையில்தான் போடுவார். மகள் வேலை பார்க்கும் கடை என்று அவருக்கு அதில் ஒரு பெருமை. ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கிடைக்கும் விலை அவருக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. ரசீதைக் கொண்டுவந்து கூடத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் படிப்பார். "சோடைன்னு போட்ருக்காக, ஆத்தா. நம்ம காய் ஏன் சோடையா விழுகுதுன்னுதான் வெளங்கல" என்பார். உரத்தை மாற்றுவார். நிழலுக்கு நிற்கும் மரத்தின் கிளைகளைக் கழிப்பார், அடுத்த வருடம் கழிக்காமல் விடுவார். நான் சும்மா இருந்தேனா? "பிஞ்சுலயே பறிச்சுட்டு வந்தா வேற எப்பிடிப்பா இருக்கும்? தோட்டம் பாக்கத் தெரியலைன்னா விட்டுட்டுப் பேசாம வீட்ல இருங்க" என்று சோற்றுத் தட்டின் முன்னால் வைத்துச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஆறாவது வருடம் எனக்கு அந்த மாடி அலுத்துவிட்டது. கூடப் படித்தவர்கள் சென்னையிலும் கோவையிலும் பெரிய குழுக்களில் இருந்தார்கள். நான் ஒருத்தியாக உட்கார்ந்து, என்னைத் தவிர யாருக்கும் புரியாத ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வருடம் போனால் என்னை எவனும் எடுக்க மாட்டான் என்று பயம் வந்தது. கல்யாணத்தைப் பற்றி அம்மா பேச ஆரம்பித்திருந்தாள். அதற்கு முன்னால் எனக்கு வெளியூரில் ஒரு நாற்காலி வேண்டும். அது ஒன்றுதான் அப்போது என் எண்ணம்.

விண்ணப்பம் போட்டேன். எல்லோரும் கேட்டது ஒன்றையே கேட்டார்கள். செய்த வேலையின் லிங்க் அனுப்புங்கள். என்னிடம் காட்டுவதற்கு இருந்தது, தெரிந்தவர் ஒருவரின் பேக்கரிக்கு ஓசியில் செய்து கொடுத்த ஒரே ஒரு பக்கம். அதிலும் கேக் படம் ஒன்று திறக்காது. நேற்றுக் கல்லூரியை விட்டு வந்த பையன்கள் பளபளவென்று பத்துப் பக்கம் காட்டும்போது, ஆறு வருட அனுபவம் என்று எழுதிய நான் உடைந்த கேக்கைக் காட்டினேன். வேலை ரகசியமானது, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொன்னால், திரையில் தெரிந்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். சென்னைக் கம்பெனிக்காரன் ஒருவன் மைக்கை அணைக்க மறந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான். "ஏலக்காய்க் கடையில என்னடா ரகசியம்? பில் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கும்." இருவரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கு எங்களிடம் கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டான். இல்லை என்றேன். லேப்டாப்பை மூடியபின் அவனுக்குக் கேட்காத நல்ல வார்த்தைகள் நாலைந்து சொன்னேன்.

அடுத்ததாகக் கோவையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. அங்கேயும் வெறுங்கையோடு போய் உட்கார எனக்கு மனமில்லை. முதலாளியிடமே கேட்டுவிடுவது என்று காலையில் அவர் அறைக்குப் போனேன். அன்றைக்கு வாங்க வேண்டிய காய்களின் சாம்பிளைத் தட்டுத் தட்டாக முன்னால் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டி, ஒரு காயை நகத்தால் கீறி, உள்ளே விதை அரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். நான் வேலை தேடுவதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். நிமிரக்கூட இல்லை.

"போகணும்னு முடிவு பண்ணியாச்சுன்னா போக வேண்டியதுதான். என்ன காட்டப்போற?"

"அதுக்குத்தான் கேக்க வந்தேன்ணே. பேரெல்லாம் மாத்திட்டு, ஒரு நகல் மாதிரி..."

"ஏலக்காய்ங்கிற பேச்சே வரக் கூடாது. ஊரு பேரு வரக் கூடாது. செஞ்சு மொதல்ல எங்கிட்டக் கொண்டா. சாம்பிள் பாக்காம எதையும் கடைய விட்டு வெளிய விட்டதில்ல நானு."

ராப்பகலாக உட்காரவில்லை, அந்த வேலை எனக்குக் கைப்பழக்கம். ஏலக்காயை மிளகாக்கினேன். தோட்டங்களைச் சேர்வராயன் மலைக்கு நகர்த்தினேன். ஊரில் இல்லாத பெயர்களாகப் பார்த்து வைத்தேன். விசேஷம் என்ற கட்டத்தில் கல்யாணம், கடன், மழையில் வீடு இடிந்தது என்று கற்பனையாக நிரப்பினேன். லேப்டாப்பைக் கொண்டுபோய் அவருடைய சாம்பிள் தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். காயை உருட்டுகிற மாதிரியே மெதுவாகப் பார்த்தார்.

"பொய்ச் சரக்குன்னு பாத்ததுமே தெரியிதே, தங்கச்சி. எல்லாரும் கல்யாணம் பண்றாங்க, எல்லாரும் கடன் வாங்குறாங்க. பாக்குறவன் நம்ப மாட்டான். நெசமா ஒண்ணாவது உள்ள கெடக்கணும். நான் சொல்றேன், எழுது."

நான் விசைப்பலகையில் கையை வைத்தேன்.

"பேரு என்னத்தையாவது போட்டுக்க. விசேஷத்துல எழுது. மகள் நம்ம ஆபீசுல வேலை பாக்குது. வாயத் தொறந்து வெல கேக்க மாட்டாரு."

எழுதினேன். எனக்கு டைப்பிங் வேகம் அதிகம், புத்திக்கு முன்னால் விரல் ஓடிவிடும். எழுதி முடித்து, "மதிப்பெண் எவ்வளவுண்ணே?" என்றுகூடக் கேட்டேன். அப்படிப்பட்டவள் நான்.

"அஞ்சு போடு. ஆஸ்பத்திரியெல்லாம் ஒரு தடவையோட முடிஞ்சு போகும். இது வருசக் கணக்கா நிக்குது பாரு."

வரி சிவப்பாக மாறியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆபீசில் ஏலக்காடு வைத்திருக்கிற அப்பா என் ஒருத்திக்குத்தான் இருக்கிறார். கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தங்கமான மனுசன் உங்கப்பா. காயும் ஒண்ணாம் நம்பர் காய், பருமன் எட்டு மில்லிக்குக் கொறையாது. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்தத் தட்டுகள் எல்லாவற்றையும் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. ஆறு வருடம் சோற்றுத் தட்டின் முன்னால் வைத்து என் அப்பாவைத் திட்டிய வாயால் இந்த ஆளைத் திட்ட வேண்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்தபோது வேறு வார்த்தை வந்தது.

"இதக் காட்டலாமாண்ணே?"

"தாராளமாக் காட்டு. நல்ல சாம்பிள். பத்திரத்துல குடும்பத்தாருன்னு போட்ருக்கும், அத மட்டும் மறந்துறாத." சொல்லிவிட்டு அடுத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கோவைக் கம்பெனியில் என்னை நேர்காணல் செய்தது ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். கண்ணில் தூக்கமே இல்லாத முகம், ஆனால் பேச்சு மெத்தென்று இருந்தது. முதல் வேலையாக, சிக்னல் இல்லாத இடத்தில் எழுதியதைப் போன் எப்படி வைத்திருந்து அனுப்புகிறது என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கச் சொன்னார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக என் வேலை புரிந்த இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்கு முதலாளி, அப்பா, சோடை எதுவும் நினைவில் இல்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பிறகு அவர் சிவப்பு வரிகளைப் பார்த்துக்கொண்டே வந்து ஒன்றில் நிறுத்தினார். எந்த வரியில் நிறுத்துவார் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

"இவருக்கு ஆஸ்பத்திரி இல்ல, கல்யாணம் இல்ல, கடனும் இல்லைங்க. அப்புறம் எதுக்குங்க சிவப்பு?"

"வாங்குற ஆபீஸ்ல அவரோட பொண்ணு வேலை பாக்குறாங்க. விலை கூட்டிக் கேட்டா பொண்ணு வேலைக்கு ஏதாவது ஆயிருமோன்னு கேக்க மாட்டாரு. அந்தப் பொண்ணு இருக்குற வரைக்கும் எவ்வளவு வேணாலும் குறைக்கலாம்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியாது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஒரு நல்ல கணக்கைப் பார்த்த சிரிப்பு. "அருமைங்க. இந்த மாதிரியெல்லாம் யாருக்குங்க தோணும்? இது உங்க யோசனைங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

நகைக்கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று அவர்களுக்கு வாடிக்கையாம். யாருடைய நகை திரும்பாது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள இதைப் போல ஒரு கட்டம் அவர்களுக்கும் வேண்டியிருந்ததாம். அடுத்த வாரமே வேலைக்குச் சேரச் சொல்லிவிட்டார்கள். என் அப்பாவின் வரியைக் காட்டி நான் அந்த நாற்காலியை வாங்கினேன். இதை வேறு அழகான வார்த்தைகளில் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

கடைசி நாளன்று முதலாளி ஒரு பொட்டலம் கொடுத்தார். வழக்கமாக வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் காய் கொடுத்து அனுப்புவார். "உங்கப்பா காய்தான், தங்கச்சி. தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்" என்றார். வாங்கிக்கொண்டேன். வாங்காமல் வந்திருக்கலாம். அப்பா பஸ் ஸ்டாண்டு வரை வந்து பெட்டியை ஏற்றிவிட்டார். அவருடைய சட்டையிலும் அதே வாசம்.

கோவையில் விடுதியில் இருந்தபோது ஒரு நாள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"ஆத்தா, இந்தவாட்டி நம்ம காய்க்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்குப் போட்ட வெலையே போட்டுட்டாக! கடைக்காரரு சொல்றாரு, காய் நல்லாத் தேறிருச்சாம். உரத்த மாத்துனேன் பாரு, அதான் கேட்ருக்கு."

"சரிப்பா."

"நீ அந்தக் கடையில இருந்தப்பல்லாம் கெடைக்காத வெல, நீ போனப்பறம் கெடைக்கிது பாத்தியா! உன் ராசி அப்பிடி" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா பின்னாலிருந்து பிள்ளையை ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று அதட்டுவது கேட்டது. நானும் சிரித்தேன். கட்டத்தில் இருந்ததை யாரோ அழித்திருப்பார்கள். வரி பச்சையாகியிருக்கும். அழித்தால் உடனே நிறம் மாற வேண்டும் என்று எழுதியதும் நான்தான்.

அந்த விலை அப்பாவுக்கு ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது. அடுத்த காய் எடுப்பதற்கு முன்னால் அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா போன் செய்து அதைச் சொல்லிவிட்டு, "நாளைக்குக் கடைக்காரரு தோட்டத்துப் பக்கம் வர்றாரு. அம்மாவுக்கு ஆபரேசன்னு சொல்லி வெலையக் கொஞ்சம் கூட்டிக் கேக்கலாம்னு இருக்கேன். மொதலாளி எரக்கமுள்ள மனுசன், ஆத்தா. கஷ்டத்தச் சொன்னா செய்வாரு" என்றார்.

"சொல்லாதீங்கப்பா."

"ஏன்?"

"சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க."

"அவரு வந்து வீட்ல என்னா விசேஷம்னு கேக்குறப்ப நான் எப்பிடி ஒண்ணும் சொல்லாம நிக்க? மட்டு மரியாதை வேணாமா?"

"கேட்டா ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. உங்க பிச்சக்காரப் புராணத்த எதுக்கு ஊரெல்லாம் போய்ச் சொல்றீங்க? வாய மூடிக்கிட்டுக் காயப் போட்டுட்டு வாங்க."

"கோயமுத்தூருக்குப் போனதும் பேச்செல்லாம் மாறிப்போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவரைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி அந்தத் திட்டுதான். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றால், பத்திரம் என்னைத் தடுக்கவில்லை. அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அப்பா அடுத்ததாக என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அதை யார் ஆத்தா எழுதினது என்று கேட்பார். கோவையில் முன்பின் தெரியாத பெண்ணிடம் மார்தட்டிச் சொன்ன பதிலை என் அப்பாவிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இப்போதுகூடப் பெயர் எதுவும் இல்லாமல்தான் எழுதுகிறேன். அப்பா புத்தகம் படிக்கிறவர் இல்லை.

அவர் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருப்பாரா, மனிதர் மரியாதை தெரிந்தவர். கண் ஆபரேஷனுக்கு என்று கேட்ட அன்றே கடையில் காசும் கொடுத்து அனுப்பினார்களாம், காய்க்குத்தான் விலை இறங்கிவிட்டது. ரசீதில் சோடை என்று வந்திருந்தது. அதைக்கூட அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் திட்டியதிலிருந்து தானாகப் போன் செய்வதை நிறுத்தியிருந்தார். அம்மா சொல்லித்தான் தெரியும்.

நெடுநாள் கழித்து ஒரு மதியம், ஆபீசில் நகைக்கடன் நிறுவனத்தின் கட்டத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தபோது, அப்பாவே கூப்பிட்டார். பழைய கோபம் எதுவும் குரலில் இல்லை. மூச்சு வாங்கியது. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பேசுகிறார் என்று தோன்றியது.

"நீ அப்பயே சொல்லுவ, தோட்டம் பாக்கத் தெரியலைன்னு. நான்தான் கேக்கல. பாதிக் காட்டக் கொத்தித் தள்ளிட்டேன், ஆத்தா. சோடை விழுகுற செடிய வச்சுக்கிட்டு என்ன செய்ய? புதுக் கன்னு வாங்கி ஊண்டியாச்சு."

"எல்லாம் பழைய செடியாப்பா? நம்ம செடியா?"

"அதேதான். வேரோட எடுத்தாச்சு. ஒரு மூணு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும். அப்பறம் பாரு, எட்டு மில்லிக் காய் எடுத்து ஒனக்குக் காட்டுறேன்."

"காட்டுங்கப்பா" என்றேன். முதலாளி கொடுத்த பொட்டலம் என் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் கிடந்தது. இழுப்பறையைத் திறக்காமலே வாசம் வந்தது.